பழமையும் பக்குவமும்

பழையது என்பதனாலேயே ஒன்றைப் போற்றும் மனப்பான்மை நம்மவரிடையே ஆழ வேரூன்றிக் கிடக்கிறது. ஒரு நூலின் சிறப்பைக் கூற முற்படுவோருட் பலர், அதன் வயதைக் கூறுவதோடு தம் கடமை முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். ஈராயிரம் ஆண்டு என்ற தொகை சொல்லப்பட்டதும் திறனாய்வு வாய்மூடி நிற்கவேண்டும் என்பது எழுதாச் சட்டமாகிவிட்டது. பழமை ஒன்றே நன்மைக்குச் சான்றாகாது என்பதை 14ஆம் நூற்றாண்டிலேயே உமாபதி சிவாசாரியார் தமது சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில் எடுத்துரைத்துவிட்டார். அவரை வணங்குவோர் பலர். அவர் சொன்னதை நினைவிற் கொண்டோர் சிலரே.

பழமைக்குப் பெறுமதி உண்டா, உண்டெனின் அது எங்கிருந்து வருகிறது என்ற இவ்வினாவை இலக்கியத்துக்கு வெளியே, முற்றிலும் வேறான ஒரு பொருளை வைத்து ஆராய அண்மையில் ஒரு வாய்ப்புக் கிட்டியது. பாரிஸ் நகரில் உணவுச்சாலையொன்றின் சமையலறையில் வேலை செய்யும் எமது பள்ளித்தோழர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். தம்மோடு உழைக்கும் பிரெஞ்சுத் தொழிலாளி ஒருவரின் கிராமத்துக்குச் சென்றபோது, அங்கே ஒரு சிறு குடும்பத்தாரிடம் நேரே வாங்கிய இரண்டு போத்தல்களை அவர் எம்முன் வைத்தார். ஒன்று, 1985ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து வடிக்கப்பட்டு, 27 ஆண்டுகள் பீப்பாவிற் கிடந்து, 2012இல் போத்தலில் அடைக்கப்பட்ட ஆர்மனியாக் பிராந்தி. மற்றையது, அதே குடும்பத்தார் வடித்த, மரத்தின் முகமே காணாத வெள்ளை வடிநீர். இரண்டையும் மூன்று மாலைப்பொழுதுகளிற் சிறிது சிறிதாகச் சுவைத்தோம், குறிப்பெடுத்தோம், வாதிட்டோம். அதன் பயனே இக்கட்டுரை. விளம்பரம் எமது நோக்கமன்று ஆதலின் அக்குடும்பத்தின் பெயரை விடுத்தோம்.

இலக்கிய ஏடொன்றிலே மது பற்றி எழுதலாமா என வினவுவோர் இருப்பர். குடி எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்திருக்கிறது என்பதை நாம் அறியாதவரல்லர். குடியை நாம் இங்கு போற்றவில்லை. மனித உழைப்பால் விளைந்த ஒரு பொருளை, அவ்வுழைப்பின் கண்ணைக்கொண்டு மதிப்பிடுகிறோம், அவ்வளவே.

கஸ்கோனி என்பது பிரான்சின் தென்மேற்குப் பகுதி. முந்திரிகைத் தோட்டம், சோளம், வாத்து, தாரா எனப் பலவும் கலந்த வேளாண்மை நிகழும் மேட்டுநிலம். ஜேர், லாந், லோ-ஏ-கரோன் ஆகிய மூன்று மாவட்டங்களில் அடங்கும் ஆர்மனியாக் வட்டாரத்தின் எல்லை 1909ஆம் ஆண்டு ஆணையொன்றால் வகுக்கப்பட்டது. 1936இல் அப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. கீழ் ஆர்மனியாக், தெனரேஸ், மேல் ஆர்மனியாக் என அது மூன்று பிரிவுபடும். எமக்குக் கிட்டிய போத்தல் கீழ் ஆர்மனியாக்கின் மஞ்சட் பழுப்பு மணலில் விளைந்தது.

அங்குள்ளோர் தம் முந்திரிகை மதுவை ஏன் வடிக்கத் தொடங்கினர்? மருந்தென்றே முதலில் வடித்தனர். 1310ஆம் ஆண்டளவில் விதால் தூ பூர் என்ற துறவி இவ்வெரிநீருக்கு 40 நற்குணங்களை எழுதி வைத்தார். ஆயின் துறவியின் ஏடு ஒரு வட்டாரத்தின் தொழிலை உருவாக்கிவிடாது. அதனை உருவாக்கியது பொருளாதாரம். ஆற்றின் கீழ்ப்புறத்தே கடல் வாயிலை அடைத்து நின்றது போர்தோ நகரம். தன் மது விற்றுத் தீரும்வரை மேல்நாட்டு மது துறைமுகத்துக்கு வரலாகாது என்ற சலுகையை அந்நகர வணிகர் பல நூற்றாண்டுகள் அனுபவித்தனர். 1776இலேயே அது நீக்கப்பட்டது. வடிநீருக்கு அத்தடை இருக்கவில்லை. ஒல்லாந்த வணிகரோ எரித்த மதுவைத் தேடி அலைந்தனர். எரித்த மது என்னும் பொருள்படும் அவர்தம் சொல்லே பிராந்தி என்றாயிற்று. இன்று இன்பப் பொருளாக விற்கப்படும் இது, துறைமுகம் மறுக்கப்பட்ட உழவர் கண்ட மாற்றுவழி என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இன்னொரு செய்தி எம்மைப் பெரிதும் கவர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பங்கில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்சேரா என்னும் சிறு பூச்சி பிரான்சின் முந்திரிகை வேர்களைத் தின்று தீர்த்தது. ஆர்மனியாக்கின் பெருமையாக இருந்த போல் பிளான்ஷ் என்னும் இனம், அமெரிக்க வேரில் ஒட்டியபோது அழுகல் நோய்க்கு எளிதில் இரையாயிற்று. அந்நிலையில் லாந் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஆசிரியராயிருந்த பிரான்சுவா பாக்கோ, 1898இல் அவ்வினத்தை அமெரிக்க வழிவந்த நோவா என்னும் இனத்தோடு கலந்து புதியதொன்றைத் தோற்றுவித்தார். அது பாக்கோ 22அ எனப் பெயர் பெற்றது. கலப்பினம் என்பதனால் அதனை ஆர்மனியாக்கிலிருந்து அகற்றவேண்டும் என்ற முயற்சி பின்னர் எழுந்தது. மணல் நிலத்தில் அதனைப் பயிரிட்டு அதன் பயனைக் கண்டிருந்தோர் இசையவில்லை; அதுவும் நிலைத்தது. எமது போத்தலில் இருந்ததும் அந்தப் பாக்கோவே. தூய மரபின் சின்னமாகக் கண்ணாடி அலுமாரிகளில் வைக்கப்படும் இப்பானம், ஒரு பள்ளி ஆசிரியர் செய்த கலப்பின் பிள்ளை! மரபுத் தூய்மை பேசுவோர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

இனி வடிக்கும் முறை. வடிப்பதற்கான மது, நூற்றுக்கு 8 முதல் 10 வரை மதுசாரம் கொண்ட, புளிப்பு மிகுந்த மெல்லிய மது. குடிப்பதற்கு அது சிறந்ததன்று. அண்டை வட்டாரமான கொன்யாக்கில் அதனை இருமுறை வடித்து, 70 வீதத்தையும் கடந்த சாரமாக்குவர். ஆர்மனியாக்கின் செம்பு வாலையோ பெரும்பாலும் ஒரே முறையில் வடிப்பது. மேலிருந்து மது தட்டுத் தட்டாக இறங்கும்; கீழிருந்து ஆவி அம்மதுவின் ஊடாகவே கொப்புளித்து ஏறும். 52 முதல் 60 வீதம் வரையான வலிமையோடு சாரம் வெளிவரும். குறைந்த வலிமையில் வடிப்பதனால் மதுவின் கனத்த மணங்கள் பலவும் சாரத்தோடு கூடவே வந்துவிடுகின்றன. ஆகவே அது இளமையிற் கரடுமுரடானது. பக்குவப்பட நெடுங்காலம் வேண்டுவது.

சிறு உழவர் பலரிடம் சொந்த வாலை இல்லை. சில்லுகள் பூட்டிய வாலை ஒன்று குளிர்காலத்தில் பண்ணை பண்ணையாக வரும். மார்ச் 31ஆம் திகதிக்குள் வடித்து முடிக்கவேண்டும் என்பது சட்டம். நெருப்பு மூட்டியபின் இரவும் பகலும் அணையலாகாது. விறகு இடுவோன் வாலையருகிலேயே உறங்கி எழுவான். இவ்வுழைப்பின் பயனாக வரும் நீரோ நிறமற்றது. நாம் சுவைத்த வெள்ளை வடிநீர் அதுவே. பிளான்ஷ் என்ற பெயரில் 2005இல் அதற்கும் சட்ட ஏற்புக் கிடைத்தது. எமது வெள்ளைப் போத்தல் பாக்கோவிலிருந்தன்றிப் போல் பிளான்ஷிலிருந்து வடிக்கப்பட்டதாகையால், இரண்டையும் அப்படியே ஒப்பிடல் முறையாகாது. எனினும் மரமும் காலமும் சேருமுன் சாரம் எவ்வாறிருக்கும் என்பதை அது எமக்கு உணர்த்தியது. பூவின் மணம், பச்சைப் பேரிக்காயின் மணம், பின்னர் நாவை அறையும் நெருப்பு. நேர்மையான பானம், ஆயின் சொல்லவேண்டியதை ஒரே மூச்சிற் சொல்லி முடித்துவிடுவது.

காலம் அதனை என்ன செய்கிறது? காலம் தானாக ஒன்றும் செய்வதில்லை என்பதே இங்கு முதற் பாடம். வேலை செய்வன மரமும் காற்றும். ஏறத்தாழ 400 லீற்றர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாவிற் சாரத்தை ஊற்றுகின்றனர். முதலிற் புதிய பீப்பா. அது நிறத்தையும் துவர்ப்பையும் வனிலாவின் மணத்தையும் கொடுக்கும். அளவு மிஞ்சாதபடி பின்னர் பழைய பீப்பாவுக்கு மாற்றுவர். மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று உட்புகும். சாரம் ஆவியாக வெளியேறும். ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு இவ்வாறு மறைகிறது. வலிமையும் ஆண்டுக்கு அரைப் பாகையளவு குறையும். அவ்வாவியை உண்டு வாழும் ஒருவகைப் பங்கசு, சாலையின் சுவர்களையும் கூரையையும் கரிபூசியது போற் கறுக்கச் செய்துவிடும்.

எமது போத்தலின் கணக்கைப் பார்ப்போம். 400 லீற்றரில் ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டரை வீதம் குறைந்தால், 27 ஆண்டின் முடிவில் ஏறக்குறைய 200 லீற்றரே எஞ்சும். 57 பாகையில் தொடங்கிய சாரம் 44 பாகையளவில் வந்து நிற்கும். போத்தலில் ஒட்டிய தாளிலும் 44 என்றே எழுதியிருந்தது. நீர் கலந்து இறக்கியதன்று, காலமே இறக்கியது என்பதை உய்த்துணரலாம். பாதியை இழந்துதான் மறுபாதி பக்குவம் எய்தியிருக்கிறது.

இன்னுமொரு பாடம். பீப்பாவிலிருந்து கண்ணாடிக்கு மாறியதும் முதுமை நின்றுவிடும். 27 ஆண்டுக் காலப் பிராந்தியை மேலும் ஒரு நூற்றாண்டு போத்தலிற் பூட்டி வைத்தாலும் அது 27 ஆண்டுப் பிராந்தியே. ஆதலால் அறிந்தோர் அறுவடை ஆண்டை மட்டும் பார்ப்பதில்லை. போத்தலில் அடைத்த ஆண்டையும் தேடுவர். மரம் போதுமெனக் கண்டால், சாலையின் பொறுப்பாளர் சாரத்தைப் பெருங்கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றிக் காலத்தை நிறுத்திவிடுவதும் உண்டு. எப்பொழுது நிறுத்துவது? அதைக் கூறும் கருவி எதுவும் இல்லை. ஆண்டாண்டாக மூக்காலும் நாவாலும் சோதித்து ஒரு மனிதர் எடுக்கும் முடிவு அது. பழமை என்று நாம் வியப்பது, உண்மையில் இத்தகைய முடிவுகள் பலவற்றின் தொகுதி.

சுவைக்கு வருவோம். நிறம் காய்ச்சிய பனங்கட்டிப் பாகின் செம்பழுப்பு. ஓரத்தில் மெல்லிய பச்சைச் சாயல். ஊற்றியவுடன் முகர்ந்தபோது சாரத்தின் காரமே முன்னின்றது. அரைமணி நேரம் கிண்ணத்தில் ஆறவிட்டோம்; சுடரிற் காட்டிச் சூடேற்றும் வழக்கத்தை நாம் பின்பற்றவில்லை. பின்னர் ஒவ்வொன்றாக மணங்கள் எழுந்தன. உலர்த்திய பிளம் பழம் என்று பிரெஞ்சு இரசிகர் குறிப்பதை எமது மூக்குப் பனாட்டு என்றே உணர்ந்தது: அதே கரிய இனிப்பு, அதே அடிநிலைப் புளிப்பு. அடுத்துத் தோடம்பழத்தின் காய்ந்த தோல், கறுவா, தேன். மூன்றாம் மாலையில் புகையிலைக் கொட்டிலின் வாயிலில் நின்றது போன்ற ஒரு மணம்.

நாவில் அது நெருப்பாக இறங்கவில்லை. முதலில் இனிப்பெனத் தோன்றியது, பின்னர் துவர்ப்பு, அதன்பின் ஒரு நீண்ட எண்ணெய்த்தன்மை. இந்த இறுதிப் பண்பையே அத்துறையினர் ரன்சியோ என்று உயர்த்திப் பேசுவர். சாரத்திலுள்ள கொழுப்பமிலங்கள் நெடுங்காலம் காற்றோடு கூடி மாறுவதனால் எழுவது அது. பழைய வால்நட் பருப்பு, காளான் என்றெல்லாம் அதை விளக்குவர். எமது மொழியில் அதற்குச் சொல் உண்டு: காறல். எண்ணெய் காறினால் வீசுகிறோம். தேங்காய் காறினாற் கழிக்கிறோம். அதே காறல் இங்கு அளவறிந்து நின்று, சிறப்பின் முத்திரையாகிவிட்டது. குறையும் நிறையும் பொருளிலே நிலைத்திருப்பனவல்ல. அளவிலும் இடத்திலும் தங்கியிருப்பன.

இப்பிராந்தி குறையற்றதா? இல்லை. விழுங்கியபின் இறுதியில் மரத்தின் துவர்ப்புச் சற்று மிஞ்சி நின்றது. நாவின் இரு மருங்கும் வறண்டன. சில ஆண்டுகள் முந்தியே அதைக் கண்ணாடிக்கு மாற்றியிருந்தால் பழத்தின் மணம் இன்னும் நிமிர்ந்து நின்றிருக்கும் என்பது எமது துணிபு. எம் தோழர் இதனை மறுத்தார். அத்துவர்ப்பே அதற்கு எலும்பு என்றார். ஒரு துளி நீர் விட்டபோது துவர்ப்புத் தணிந்தது. அவர் வாதம் ஓரளவு வலுப்பெற்றது. எனினும் எமது தீர்ப்பை மாற்ற நாம் விரும்பவில்லை: இது மிக நல்ல பானம், ஆயின் முதுமையின் மேல் கொண்ட மோகத்தால் தன் உச்சியைச் சிறிது கடந்துவிட்ட பானம். வயது என்ற எண் விலையைக் கூட்டும்; அந்த எண்ணுக்காகவே பீப்பாவில் மேலும் சில ஆண்டு வைக்கத் தூண்டும் சந்தையின் கை இங்கும் இருந்திருக்கலாம்.

சந்தை என்றதும், சிறு குடும்பத்தார் என்ற சொல்லையும் சோதித்தல் வேண்டும். இன்று அது ஒரு விளம்பரச் சொல். கொன்யாக்கில் நாலைந்து பெருநிறுவனங்கள் சந்தையின் பெரும்பகுதியை ஆள்கின்றன. அதனோடு ஒப்பிடின் ஆர்மனியாக் மிகச் சிறியது. அங்கே பெயர் பொறித்த சிறு பண்ணைகள் பலவுண்டு. பல ஆண்டுகளின் சாரத்தைக் கலந்து எக்காலமும் ஒரே சுவை தருவது பெருநிறுவனத்தின் திறமை. ஓர் ஆண்டின் வெயிலையும் மழையையும் அப்படியே ஒப்புவிப்பது சிறு பண்ணையின் திறமை. இரண்டாவதே எமக்கு உவப்பானது. ஆயினும் சிறியது என்பதும், பழையது என்பதைப் போலவே, நன்மைக்குத் தானே சான்றாகாது.

பீப்பாவிலிருந்து ஆவியாகும் பங்கை அவர்கள் தேவதூதர் பங்கு என்பர். கேட்க இனிய பெயர். ஆயின் அம்மண்ணில் வேறொரு பங்கின் கதையும் உண்டு. கஸ்கோனியின் நிலத்தைப் பெருமளவில் உழுதோர் வாரக் குடியானவர். விளைவை நிலவுடைமையாளரோடு பங்கிட்டு வாழ்ந்தோர். 1920இல் லாந் மாவட்டத்தில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். உடைமையாளரின் பங்கு மூன்றிலொன்றை மிஞ்சலாகாது என்ற சட்டம் 1946இலேயே வந்தது. அதற்கு முன்னர் நிரம்பிய பழம் பீப்பாக்கள் சில இன்றும் பெரும் விலைக்கு விற்கப்படுகின்றன. தேவதூதர் பங்கைச் சுவைஞர் அனைவரும் அறிவர். குடியானவர் பங்கைக் கேட்போர் எத்தனைபேர்? போத்தலின் தாளில் பண்ணையின் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது, பாகை இருந்தது. விறகிட்டு விழித்திருந்தவன் பெயரும் பீப்பாக் கட்டியவன் பெயரும் இல்லை.

இவ்விடத்தில் எமது மண்ணையும் நினையாதிருக்க முடியவில்லை. நாட்பட்ட தேறலின் கடுப்புக்குத் தேளை உவமையாக்கிய ஔவையாரையும், யவனர் கொண்டுவந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் பாட்டிலே குறித்த நக்கீரரையும் நாம் வகுப்பறைகளிற் பெருமிதத்தோடு விளக்குகிறோம். அவை வடித்தவையல்ல, ஊறியவை. எனினும் சுவையைச் சொல்லும் துணிவு அப்புலவரிடம் இருந்தது. ஆயின் பனையேறிக் கள்ளிறக்கிய சீவற்றொழிலாளியை என்ன செய்தோம்? அவன் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிப் பருகிய கைகளே, அவனுக்குத் தேநீர்க்கடையில் ஆசனத்தை மறுத்தன. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் உரிமைக்காகப் போராடவேண்டியிருந்தது. பிரெஞ்சுக் காறலைச் சிறப்பென ஏற்கப் பழகும் மூக்கு, முட்டியிலிருந்து வரும் புளித்த மணத்தை இழிவென ஒதுக்குமாயின், அது பொருளின் மணத்தை நுகரவில்லை; பொருளைத் தந்தவனின் சாதியையே நுகர்கிறது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். பழமைக்குப் பெறுமதி உண்டா? பழமைக்கு இல்லை, பக்குவத்துக்கு உண்டு. பக்குவமோ, காற்றுப் படுமிடத்தில், இழப்பதற்கு அஞ்சாது, யாரோ ஒருவர் இடைவிடாது கவனித்து நிற்க விளைவது. காற்றுப் படாமற் கண்ணாடியிற் பூட்டிய மரபு, நூறாண்டு சென்றாலும் பூட்டிய அன்றிருந்த நிலையிலேயே இருக்கும். அளவின்றி மரத்திற் கிடத்திய மரபோ, மரத்தின் கசப்பை மாத்திரம் தரும். ஆகவே ஒரு பழம் பொருளை, அது பிராந்தியாயினும் காவியமாயினும், எம்முன் வைப்போரிடம் அதன் வயதை மட்டும் கேட்டு நிற்றல் போதாது. எந்தக் காற்றை அது மூச்செடுத்தது? யாருடைய உழைப்பு அதனைக் காத்தது? அவ்வுழைப்புக்கு என்ன பங்கு கிடைத்தது? இவற்றையும் கேட்டல் வேண்டும்.

மூன்றாம் மாலையின் முடிவில் போத்தலில் காற்பங்கு எஞ்சியிருந்தது. அதனை எம்மிடம் விட்டுச் செல்ல எண்ணிய தோழர், பின்னர் மனம் மாறி, பாரிசில் தம்மோடு பாத்திரம் கழுவும் நண்பர்களுக்கென எடுத்துச் சென்றார். அவர்களுள் ஒருவன் அந்தக் கஸ்கோனிக் கிராமத்தவன். சிறுவனாயிருந்தபோது வாலைக்கு விறகு சுமந்தவன். அதனைச் சுவைத்து மதிப்பிட எம்மிலும் அவனுக்கே உரிமை கூடுதல்.